இணையப் பெயர்களுக்கு யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளத்தின் முகவரியாக அமையும் டொமைன் பெயர் என்றதும் விலை என்ன, எங்கே வாங்கலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பெயர்களை நிர்வகிப்பவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்கள் தவறினால் யார் தட்டிக் கேட்பார்கள் என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. பள்ளி, மருத்துவமனை, நூலகம், செய்தித்தளம் எல்லாமே இந்தப் பெயர்களை நம்பி நடக்கும் காலத்தில் இது நிபுணர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்தக் கேள்வி-பதில்.

டொமைன் பெயர் அமைப்பில் நிர்வகிக்க என்ன இருக்கிறது?

மூன்று அடுக்குகள் இருக்கின்றன. உச்சியில் இருப்பது ரூட் கோப்பு. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன், டாட் எல்கே என ஒவ்வொரு முதல்நிலைப் பெயருக்கும் எந்த சர்வர் பொறுப்பு என்பது அதில் எழுதியிருக்கும். மொத்தம் 1,400-க்கும் மேற்பட்ட பெயர்கள்; கோப்பு அளவில் மிகச் சிறியது. அதற்கு அடுத்தவை பதிவகங்கள். டாட் காமுக்கு வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம், இந்தியாவின் டாட் இன்னுக்கு நிக்ஸி என ஒவ்வொரு முதல்நிலைப் பெயரின் முழுப் பட்டியலும் ஒரு பதிவகத்திடம் இருக்கிறது. கடைசி அடுக்கில் பதிவாளர்கள். நாம் பணம் கட்டுவது இவர்களிடம்தான்.

மூன்று அடுக்குகளுக்கும் மூன்று விதமான பொறுப்பு. யாரிடம் முறையிட வேண்டும் என்று தெரியாமல் மக்கள் அலைவதற்கு முதல் காரணமே இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று குழம்பிப்போவதுதான்.

ரூட் கோப்பு யார் கையில் இருக்கிறது?

ஒருவர் கையில் இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மாற்றம் கேட்டு வரும் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் என்ற அமைப்பின் துணை அமைப்பான பி.டி.ஐ. கோப்பைத் தயாரித்து வெளியிடுவது வெரிசைன். அதை உலகுக்குப் பரிமாறுவது ரூட் சர்வர்களை நடத்தும் 12 அமைப்புகள். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களின் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நகல்கள் இயங்குகின்றன. இந்த 12 அமைப்புகளில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, நாசா இருக்கிறது, அமெரிக்க ராணுவம் இருக்கிறது, ஐகேனும் இருக்கிறது. ஐகேன் இவற்றின் முதலாளி அல்ல.

அமெரிக்க அரசுதான் இதையெல்லாம் கட்டுப்படுத்துகிறது என்கிறார்களே?

2016 வரை அதில் பாதி உண்மை இருந்தது.

தொடக்க காலத்தில் இந்தப் பட்டியல்களைப் பராமரித்தவர் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் பாஸ்டல். அமெரிக்க அரசு பணம் கொடுத்தது. நம்பிக்கை அவர்மேல் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று, ரூட் சர்வர் நடத்திய எட்டுப் பேருக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பி, அதுவரை பார்த்துவந்த தலைமை சர்வரை விட்டுவிட்டுத் தன் சர்வரைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்களும் மாற்றினார்கள். அமெரிக்க அரசு கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. சோதனைக்காகச் செய்ததாகச் சொல்லி பாஸ்டல் பழையபடி மாற்றிவிட்டார். இணையத்துக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. ஆனால் ஒரு மின்னஞ்சலில் ரூட்டின் தலைமையே இடம்மாறலாம் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் லாபநோக்கற்ற நிறுவனமாக ஐகேன் கலிஃபோர்னியாவில் பதிவானது. அடுத்த மாதமே பாஸ்டல் காலமானார். அதன்பின் அமெரிக்க வணிகத் துறையின் கீழ் உள்ள என்.டி.ஐ.ஏ. என்ற அமைப்போடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில் ஐகேன் இயங்கியது. ரூட் கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்.டி.ஐ.ஏ.வின் ஒப்புதல் வேண்டும். அது பெரும்பாலும் சம்பிரதாயமான ஒப்புதல்தான். ஆனாலும் ஓர் அரசின் கையெழுத்து இல்லாமல் இன்னொரு நாட்டின் பெயர்ப் பதிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்பது பிற நாடுகளுக்கு உறுத்தலாக இருந்ததில் வியப்பில்லை.

2014 மார்ச்சில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தது. தன் இடத்தில் வேறோர் அரசோ, அரசுகளின் கூட்டமைப்போ வந்து அமரக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேச்சு நடந்தது. கடைசி நேரத்தில் அரிசோனா, ஓக்லஹோமா, நெவாடா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் தடை கேட்டு வழக்குப் போட்டன; கால்வெஸ்டன் நகர நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2016 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தம் காலாவதியானது.

அப்படியானால் இப்போது ஐகேனைத் தட்டிக் கேட்பவர் யார்?

அதன் விதிகளில் 'அதிகாரம் பெற்ற சமூகம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஐந்து தரப்புகள் அதில் உண்டு: ஐ.பி. முகவரிகளை (இணையத்தில் கணினிகளின் எண் முகவரிகள்) பகிர்ந்தளிப்பவர்கள், நாட்டுப் பெயர்களின் பதிவகங்கள், டாட் காம் போன்ற பொதுப் பெயர்கள் தொடர்பான தரப்பினர், சாதாரணப் பயனர்களின் பிரதிநிதிகள், அரசுகள். ஐகேனின் பட்ஜெட்டை நிராகரிக்கலாம். விதித் திருத்தங்களைத் தடுக்கலாம். அடிப்படை விதிகளை மாற்ற இவர்கள் ஒப்புதல் கட்டாயம். இயக்குநர் ஒருவரை நீக்கலாம். 16 வாக்குகள் கொண்ட இயக்குநர் குழு முழுவதையுமே வீட்டுக்கு அனுப்பலாம். கலிஃபோர்னியச் சட்டப்படி நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய அதிகாரங்கள் இவை. வெறும் ஆலோசனை அல்ல.

காகிதத்தில் வலுவான ஏற்பாடு இது. இயக்குநர் குழுவை மொத்தமாகக் கலைக்கும் அதிகாரம் இதுவரை பயன்படுத்தப்பட்டதில்லை, தேவையும் வரவில்லை. என் கவலை வேறு. இந்த அதிகாரங்கள் மிகப் பெரிய தவறுகளுக்கானவை. அன்றாடம் ஊழியர்கள் மட்டத்தில் எடுக்கப்படும் ஒப்பந்த முடிவுகள் இந்த வலையில் சிக்குவதில்லை. பெரும்பாலான பாதிப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன. அடுத்த கேள்வி அதற்கு நல்ல சான்று.

டாட் ஆர்க் விற்பனையில் என்ன நடந்தது?

இந்த விஷயத்தில் ஒரே ஒரு சம்பவத்தைத்தான் தெரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாட் ஆர்க் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், சங்கங்கள் பயன்படுத்தும் பெயர். சுமார் ஒரு கோடி பெயர்கள் அதில் பதிவாகியிருந்தன. 2003 முதல் அதை நடத்திவருவது இணையச் சங்கம் (இன்டர்நெட் சொசைட்டி) என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் இயங்கும் பி.ஐ.ஆர். என்ற லாபநோக்கற்ற பதிவகம். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பு அதன் ஒப்பந்தத்தில் இருந்தது. 2019-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அந்த வரம்பை எடுத்துவிட ஐகேன் முன்வந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதில் 3,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. பெரும்பாலானவை எதிர்ப்பு. ஆனாலும் ஜூன் 30 அன்று வரம்பு நீங்கியது.

நவம்பரில் அடுத்த செய்தி வந்தது. ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு பி.ஐ.ஆரை 113.5 கோடி டாலருக்கு விற்பதாக இணையச் சங்கம் அறிவித்தது. ஈத்தோஸ் அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்டது. ஐகேனின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி அதற்கு ஆலோசகராக இருந்ததும் வெளியே வந்தது. வாங்கும் பணத்தில் 36 கோடி டாலர் கடன், அந்தச் சுமையும் பி.ஐ.ஆர். தலையில். விலை வரம்பு நீங்கிய சில மாதங்களில், கடன் சுமையோடு, லாபம் தேடும் கைகளுக்கு ஒரு கோடிப் பெயர்கள் போக இருந்தன. கடனை அடைக்கும் பணம் அந்தப் பெயர்களை வைத்திருப்பவர்களிடமிருந்துதானே வர வேண்டும்? தொண்டு நிறுவனங்கள் கொதித்தெழுந்ததில் முழு நியாயம் இருந்தது. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஐகேன் அலுவலக வாசலிலேயே ஆர்ப்பாட்டம் நடந்தது.

கைமாற்றத்துக்கு ஐகேனின் சம்மதம் தேவை. ஐகேன் கேள்விகள் கேட்டது, அவகாசத்தைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னிய மாநில அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசேரா, இந்த விற்பனையை நிராகரிக்கும்படி வலியுறுத்தி ஐகேனுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று இயக்குநர் குழு சம்மதம் தர மறுத்துவிட்டது. பொதுநல அமைப்பு ஒன்று லாப அமைப்பாக மாறுவதையும் கடன் சுமையையும் காரணமாகக் காட்டியது.

முடிவு நல்ல முடிவு. ஆனால் அது வந்த வழியைப் பாருங்கள். அதிகாரம் பெற்ற சமூகத்துக்கு இந்த விற்பனையைத் தடுக்கும் அதிகாரமே கிடையாது. பதிவகத்தின் கைமாற்றம் அதன் பட்டியலில் இல்லை. தடுத்தது மக்களின் எதிர்ப்பும் ஒரு மாநிலத்தின் சட்ட அதிகாரியும்தான்.

விலை வரம்பு கதையும் அதோடு முடியவில்லை. நேம்சீப் என்ற பதிவாளர் நிறுவனம், ஐகேனின் முடிவை நடுவர்கள் ஆராயும் சுயேச்சை மறுஆய்வுக்குப் போனது. 2022 டிசம்பரில், வெளிப்படைத்தன்மை பற்றிய தன் சொந்த விதிகளையே ஐகேன் மீறிவிட்டதாக நடுவர் குழு சொன்னது. தவறு நடந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு.

ஐகேன் அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது ஆபத்தில்லையா?

இருபக்கமும் வெட்டும் விஷயம் இது. டாட் ஆர்க்கைக் காப்பாற்றியதில் கலிஃபோர்னியச் சட்டத்துக்குப் பங்குண்டு. அதே சட்ட எல்லைக்குள் இருப்பதால், ஈரான் அரசுமீது நஷ்டஈட்டுத் தீர்ப்பு பெற்றவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் ஈரானின் நாட்டுப் பெயரான டாட் ஐஆரையே ஜப்தி செய்யக் கேட்டார்கள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. மூன்றாம் தரப்பினருக்கு வரும் பாதிப்பைக் காரணமாகச் சொன்னது. அன்று தப்பியது. எல்லா நீதிபதிகளும் அப்படியே சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தியாவின் நிலைப்பாடும் மாறியிருக்கிறது. 2011-இல் ஐ.நா. பொதுச்சபையில், இணையக் கொள்கைகளுக்கு ஐ.நா.வின் கீழ் அரசுகளின் குழு ஒன்று வேண்டும் என்று இந்தியா முன்மொழிந்தது. 2015-இல் பியூனஸ் ஐரிஸ் ஐகேன் கூட்டத்தின்போது, பல தரப்பினரும் சேர்ந்து நடத்தும் முறையை ஆதரிப்பதாக அப்போதைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார். இரண்டாவது நிலைப்பாடே சரி என்று நினைக்கிறேன். இணையத்தை முடக்கத் தயங்காத அரசுகள் ரூட் கோப்பின் அருகே வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

அரசுகளுக்கு இப்போது எவ்வளவு செல்வாக்கு?

ஐகேனில் உள்ள அரசுகளின் ஆலோசனைக் குழுவில் 180-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமித்துத் தரும் ஆலோசனையை நிராகரிக்க இயக்குநர் குழுவில் 60 சதவீத வாக்கு வேண்டும். ஆனால் தனி ஓர் அரசு கேட்டால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. 2022-இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும், டாட் ஆர்யு உள்ளிட்ட ரஷ்யப் பெயர்களை ரத்து செய்யும்படி உக்ரைன் கேட்டது. ஐகேன் சில நாட்களிலேயே மறுத்துவிட்டது. உக்ரைனின் வேதனை நியாயமானது, மறுப்பும் நியாயமானது. ஒரு நாட்டை இணையத்திலிருந்து அழிக்கும் அதிகாரம் ஒருமுறை பயன்படுத்தப்பட்டால், அடுத்து யாருக்கு எதிராக என்பதே கேள்வியாகிவிடும்.

இயக்குநர் குழுவின் முடிவால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

மறுபரிசீலனை கேட்கலாம், ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர் அதிகாரியிடம் போகலாம், சுயேச்சை மறுஆய்வு கோரலாம். கடைசியில் சொன்னதற்குத்தான் பல் உண்டு. டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் வழக்கில் 2010-இலும், டாட் ஆப்ரிக்கா வழக்கில் 2015-இலும் நடுவர்கள் ஐகேனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் டாட் ஆப்ரிக்கா வழக்கில் வென்ற நிறுவனத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. மறுமதிப்பீட்டில் அது தேறவில்லை. 2017-இல் பெயர் போட்டியாளருக்குப் போனது. வழக்கறிஞர் கட்டணத்தைத் தாங்கக்கூடிய நிறுவனங்களுக்கான வழி இது. சிறிய அமைப்புகளுக்கு எட்டாது, இது பெரிய குறை.

ரூட்டின் சாவி சடங்கு என்பது என்ன?

நீங்கள் தேடிய முகவரியைத்தான் சர்வர் தருகிறது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய ரூட் கோப்பு 2010 ஜூலை முதல் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. அந்தக் கையொப்பத்தின் தலைமைச் சாவி, அதாவது ஒரு ரகசிய எண், அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இருக்கிறது: கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ, வர்ஜீனியாவின் கல்பெப்பர். ஆண்டுக்கு நான்கு முறை அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதைத்தான் சாவி சடங்கு என்கிறார்கள்.

சாவி இருக்கும் கருவி ஒரு பெட்டகத்தில், அதை இயக்கும் அட்டைகள் வேறொரு பெட்டகத்தில். இரண்டாவது பெட்டகத்துக்குள் சிறு பெட்டிகள். அவற்றின் திறவுகோல்கள் ஐகேனிடம் இல்லை. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களிடம் இருக்கின்றன. ஓர் இடத்துக்கு ஏழு பேர், அவர்களில் குறைந்தது மூன்று பேர் வந்தால்தான் வேலை நடக்கும். ஒவ்வோர் அடியும் முன்கூட்டியே அச்சடித்த தாளில் இருக்கும். முடித்த நேரத்தை எழுதி முதலெழுத்துக் கையொப்பம் இடுவார்கள். கருவி வைத்த பை பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று அதன் எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்ப்பார்கள். எல்லாம் நேரலை, பதிவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மணிக்கணக்கில் நீளும், சலிப்பூட்டும். அந்தச் சலிப்பில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் பெட்டகத்தின் பூட்டு பழுதாகித் திறக்க மறுத்தது. துளையிட்டுத்தான் திறந்தார்கள், சடங்கு சில நாட்கள் தள்ளிப்போனது. ஐகேன் அதை மறைக்காமல் அறிவித்தது. இரண்டு மாதங்களில் கொரோனா. பயணம் செய்ய வழியில்லாததால் தன்னார்வலர்கள் சிலர் தங்கள் திறவுகோல்களை முத்திரையிட்ட பைகளில் அனுப்பிவைத்து, தொலைவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாதங்களுக்குத் தேவையான கையொப்பங்களை ஒரே அமர்வில் போட்டு முடித்தார்கள்.

ஒப்பந்தப் பேச்சுகளிலும் இதே திறந்த மனம் இருந்திருந்தால் டாட் ஆர்க் விவகாரம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

டாட் இன், டாட் எல்கே பெயர்களுக்கும் ஐகேன்தான் பொறுப்பா?

இல்லை. நாட்டுப் பெயர்களை அந்தந்த நாட்டின் பதிவகமே நடத்தும். விலை, விதி, தகராறு எல்லாம் உள்ளூர் முடிவு. பதிவகம் உரிமையாளர் அல்ல, நாட்டு மக்களுக்கும் இணையச் சமூகத்துக்கும் அறங்காவலர் என்ற கொள்கையை 1994-இலேயே பாஸ்டல் எழுதிவைத்தார். இந்தியாவில் டாட் இன் பெயர்கள் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் உள்ள நிக்ஸியிடம் இருக்கின்றன. பெயர்த் தகராறுகளுக்கு அதற்கென்று தனி நடுவர் முறை உண்டு. இலங்கையில் டாட் எல்கே பதிவகம் 1990 முதல் இயங்குகிறது. 2021 பிப்ரவரி 6 அன்று அங்கே நடந்த ஊடுருவலில் கூகுள் டாட் எல்கே உட்படச் சில பெயர்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பதிவகத்தில் ஒரு கதவு திறந்திருந்தால், பெயரை வைத்திருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை.

தமிழில் முதல்நிலைப் பெயர்களுக்கு யார் விதி வகுத்தார்கள்?

டாட் இலங்கை 2010-இலும், டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா ஆகியவை 2011-இலும் ரூட் கோப்பில் ஏறின. எந்தெந்தத் தமிழ் எழுத்துகள் எந்த முறையில் வரலாம் என்ற ரூட் விதித்தொகுப்பு 2019-இல் வெளியானது. அதை எழுதியது பிராமி வழி வந்த இந்திய எழுத்துகளுக்காக அமைந்த தன்னார்வலர் குழு. ஔ என்ற ஒற்றை எழுத்தும், ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து வருவதும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஏமாற்றுக்காரன் நுழைய அந்த இடைவெளி போதும். தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளாலும் இதே ஆபத்து. இப்படிப்பட்ட வரைவுகள் பொதுக் கருத்துக்கு வரும்போது தமிழறிந்தவர்கள் படித்துப் பதில் எழுத வேண்டும். நம் எழுத்தைப் பற்றிய முடிவை நாம் இல்லாத அறையில் எடுக்கவிடக் கூடாது.

ஐகேனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி நம்மிடமிருந்து. பொதுப் பெயர் ஒன்றைப் பதிந்தாலோ புதுப்பித்தாலோ ஆண்டுக்கு இத்தனை சென்ட் என்று பதிவாளரும் பதிவகமும் ஐகேனுக்குக் கட்டுகிறார்கள். பதிவாளர் கட்டும் தொகை நெடுங்காலம் 18 சென்டாக இருந்து, 2025 ஜூலையில் 20 ஆனது. கண்காணிக்கப்படுபவர்களின் கட்டணத்தில்தான் கண்காணிப்பவர் வாழ்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று: டாட் காம் விஷயத்தில் அமெரிக்க அரசு இன்றும் விலகவில்லை. வெரிசைனோடு அதற்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது, விலை வரம்பும் அதில்தான். 7.85 டாலரில் நின்ற மொத்தவிலை படிப்படியாக ஏறி 2024 செப்டம்பரில் 10.26 ஆனது.

என் டொமைன் பெயரைப் பதிவாளர் தர மறுக்கிறார். யாரிடம் போவது?

முதலில் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இணையதளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அப்படியென்றால் ஐகேனால் அதிகம் உதவ முடியாது. ஆகவே வேலை தொடங்கும்போதே உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பதிவு உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு, வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொள்வதற்கான குறியீட்டை நீங்கள் கேட்ட ஐந்து நாட்களுக்குள் பதிவாளர் தர வேண்டும். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். காலாவதிக்குப் பின் பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் அதிகம், ஆனால் பெயர் தப்பிக்கும். இவற்றை மீறினால் ஐகேன் இணையதளத்தில் இணக்கப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. தேதிகளையும் கடிதப் போக்குவரத்தையும் இணையுங்கள். டாட் இன் என்றால் நிக்ஸியிடம் போக வேண்டும்.

பதிவாளரே மூழ்கிவிட்டால்? 2007-இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற நிறுவனம் சரிந்தபோது ஏராளமானோர் பெயர்கள் நடுவில் சிக்கித் தவித்தன. இப்போது பதிவுத் தகவல்களின் நகலை மூன்றாம் தரப்பிடம் காப்பில் வைப்பது பதிவாளர்களுக்குக் கட்டாயம்.

நான் இதில் பங்கெடுக்க முடியுமா? பயன் உண்டா?

முடியும். ஐகேன் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவும் கலந்துகொள்ளலாம். அமெரிக்க மேற்பார்வை முடிந்தபின் நடந்த முதல் கூட்டமே 2016 நவம்பரில் ஹைதராபாதில்தான். சாதாரணப் பயனர்களுக்கான அட்-லார்ஜ் பிரிவுக்கு ஆசிய-பசிபிக் கிளை இருக்கிறது; உள்ளூர் கணினி சங்கங்கள்கூட உறுப்பினராகலாம்.

பயன் உண்டா என்பதற்கு டாட் ஆர்க்கே பதில். 3,000 கருத்துகள் விலை வரம்பைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவை பொதுவில் பதிவாகி இருந்ததால்தான், விற்பனைச் செய்தி வந்ததும் எதிர்ப்பு விரைவாகத் திரண்டது. கருத்து எழுதும்போது வரைவின் எந்தப் பிரிவை எதிர்க்கிறீர்கள், அதனால் உங்கள் அமைப்புக்கு என்ன ஆகும் என்று இரண்டே பத்தியில் எழுதுங்கள். வேறொருவர் எழுதியதை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். நகல்கள் மொத்தமாக ஒரே கருத்தாக ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. கருத்து அனுப்பக் கெடு வழக்கமாக 40 நாட்கள்.